தத்துக்கு விடும் பூனைக் கஃபே: இறங்கலாமா, வேண்டாமா?

மதில்மேல்பூனை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு காப்பகத்துல நாலு வருஷமா தன்னார்வலரா இருக்கேன். கூண்டு கழுவுறது, மருந்து குடுக்குறது, தத்தெடுக்க வர்றவங்களுக்குப் பூனைகளைக் காட்டுறது, இதுதான் வேலை. வர்றவங்க ஒரு கூண்டு முன்னாடி ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. பூனை மூலையில சுருண்டு முதுகைக் காட்டிட்டுக் கிடக்கும். "இது பழகாது போலிருக்கே"ன்னு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துடுவாங்க. குட்டிங்க சீக்கிரம் போயிடும். ரெண்டு வயசு தாண்டினது, கறுப்பு, ஒத்தைக் கண்ணு, இதெல்லாம் மாசக்கணக்கா அங்கேயே. ராத்திரி ஆள் எல்லாம் போன பிறகு விளக்கை அணைக்கப் போனா, அதே பூனை கம்பியில தலையைத் தேச்சிக்கிட்டு என்னைக் கூப்பிடும். அந்தப் பூனையைப் பகல்ல வந்தவங்க யாரும் பார்க்கவே இல்லை.

அதனாலதான் இந்த யோசனை. இடம் தர ஒருத்தர் இருக்கார், காபிக் கடை நடத்தின அனுபவத்தோட இன்னொருத்தர் இருக்கார். காப்பகத்துப் பூனைங்களைக் கூண்டு இல்லாம ஒரு அறையில விடுவோம். ஆளுங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பழகட்டும். ஒத்துப்போனா முறைப்படி தத்து. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பூனைக்குச் சளி வந்தா எல்லாத்துக்கும் வராதா? இது நிஜமாவே பூனைக்கு நல்லதா, இல்ல எங்க மனசுக்கு மட்டும் நல்லதா? கடை நட்டத்துல மூடினா அதுங்க கதி?

பேருக்கேத்த மாதிரி மதில் மேலதான் உக்காந்திருக்கேன். நடத்தினவங்க, எதிர்க்கிறவங்க ரெண்டு பேருமே எழுதுங்க.

கடைசிக்கோப்பை

நடத்தினேன். மூணு வருஷம். இப்போ இல்லை. ஏன் இல்லைங்கிறதை இன்னொரு நாள் சொல்றேன், முதல்ல உங்களுக்கு உபயோகமானது.

பூனைக் கஃபேன்னு ஒரே பேரில் ரெண்டு வேற வேற தொழில் ஓடுது. 1998ல் தைப்பேயில் முதல் கடை திறந்தது, 2004ல் ஒசாகாவில் ஜப்பானின் முதல் கடை வந்தது. இதுங்கள்ல பூனை கடையோட ஆள் மாதிரி, அங்கேயே இருக்கும், அங்கேயே வயசாகும். செல்லம் வளர்க்க முடியாத சின்ன வீட்டுக்காரங்க வந்து ஆசை தீரக் கொஞ்சிட்டுப் போவாங்க. தத்துக்கு விடுற கடை வேற சங்கதி. 2014ல் அமெரிக்காவில் ஓக்லண்டில் 'கேட் டவுன்' திறந்தப்போ அவங்க எடுத்தது, காப்பகக் கூண்டில் துவண்டு போற பூனைகளை. நீங்க சொல்ற முதுகைக் காட்டுற பூனை இருக்கே, அதைத்தான். முதல் வகையில பூனை பணியாள். ரெண்டாவது வகையில பயணி. பயணியை வெச்சுக் கடை நடத்தணும்னா கட்டடத்துல இருந்து கணக்கு வரைக்கும் எல்லாம் மாறும்.

கட்டடத்தைச் சொல்றேன். காபி போடுற இடமும் பூனை இருக்கிற இடமும் ஒண்ணாக் கூடாது. பல ஊர்கள்ல சுகாதார விதியே அதை அனுமதிக்காது, விதி இல்லாட்டியும் நீங்க செய்யக் கூடாது. நடுவில் ரெண்டு கதவு, ஒண்ணு மூடினாத்தான் இன்னொண்ணைத் திறக்கணும். ஒத்தைக் கதவு வெச்சா முதல் வாரத்துலயே ஒண்ணு தெருவுக்கு ஓடிடும், எனக்கு ஓடிச்சு. காற்றோட்டம் தனி. மூத்திர நெடி காபி வாசனையோட கலந்தா அந்த ஆள் மறுபடி வரமாட்டார்.

பூனை அறைக்குப் பின்னாடி இன்னொரு அறை கட்டாயம். மனுஷன் நுழைய முடியாத, பூனை மட்டும் புகுந்து போற ஓட்டை வழி. அது இல்லாத கடையைத் திறக்கவே திறக்காதீங்க. பன்னிரண்டு பூனைல எட்டு உள்ள போய்த் தூங்கிட்டா, "காசு குடுத்து வந்தோம், பூனையைக் காணோமே"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும்.

மண் தட்டு, அதாவது அதுங்க ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற தட்டு, பூனை எண்ணிக்கையை விட ஒண்ணு கூடுதல். எல்லாத்தையும் ஒரே மூலையில வரிசையா வெச்சா பூனைக் கணக்குல அது ஒரே தட்டு. ஒரு ரௌடிக் கடுவன் அந்த மூலைக்குப் போற வழியில படுத்துக்கிட்டா, மத்தது எல்லாம் உங்க சோபாவில் போகும். சாப்பாடும் அப்படித்தான், தண்ணியும் அப்படித்தான். உயரம் குடுங்க. தரையில இருக்கிற பத்தடி இடத்தைவிடச் சுவத்துல ஒரு பலகை பெரிசு அதுங்களுக்கு.

வெருகு

நான் எதிர்ப்பவர்களின் சார்பில் எழுதுகிறேன். மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

பூனை கூட்டமாக வேட்டையாடும் பிராணி அல்ல. தனியாக வேட்டையாடி, தன் எல்லையைத் தன் வாசனையால் குறித்து, அந்த வாசனைக்குள் நிம்மதியாக இருப்பது. கன்னத்தைத் தேய்ப்பதும் நகத்தைப் பிறாண்டுவதும் அதற்காகத்தான். அதைக் கொண்டுபோய், இரத்த உறவில்லாத பதினோரு பூனைகளோடு ஒரு அறையில் அடைத்து, மணிக்கு எட்டு அந்நியரை உள்ளே விட்டு, இதை மீட்பு என்கிறீர்கள்.

தத்துக்கு விடாத கஃபேயைத் திட்டுபவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. அங்கே பூனைகள் மாறுவதில்லை. ஒன்றோடொன்று முட்டி மோதி, யார் எந்தப் பலகையில் படுப்பது என்பதைத் தீர்த்துக்கொண்டு, ஆறு மாதத்தில் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். உங்கள் கடையில் வாராவாரம் ஒன்று போகும், ஒன்று வரும். ஒவ்வொரு முறையும் அந்த ஒழுங்கு கலைந்து, முதலிலிருந்து பேரம் பேச வேண்டும். தத்து எவ்வளவு வெற்றியோ, அவ்வளவு கலவரம். இதற்கு யார் மணி கட்டப் போகிறீர்கள்?

ஜப்பானில் 2012ல் விலங்குகளை இரவு 8 மணிக்கு மேல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று விதி வந்தது. பூனைக் கஃபேகளுக்கு மட்டும், ஒரு வயது தாண்டிய பூனைகளுக்கு இரவு 10 மணி வரை என்று விலக்கு கொடுத்தார்கள். வேலை முடிந்து வருபவர்கள் மாலையில்தானே வருவார்கள். யாருக்காக அந்த இரண்டு மணி நேரம் என்று சொல்லத் தேவையில்லை.

அரைத்தூக்கம்

வெருகு சார் சொல்றதுல பாதி சரி. மாற்றம் கலவரம்தான். ஆனா எதோட ஒப்பிடுறீங்க? சோபா, ஜன்னல் வெயில், ஒத்தைப் பூனை வீட்டோடவா? இழை ஆரம்பிச்சவங்க ஒப்பிடுறது மூணடிக் கூண்டோட.

வெருகு

ஒப்புக்கொள்கிறேன். கூண்டைவிட மேல். ஆனால் "கூண்டைவிட மேல்" என்பதைப் பெயர்ப்பலகையில் எழுதுவார்களா? அங்கே இதயமும் பாதத் தடமும்தானே போடுவார்கள்.

கடைசிக்கோப்பை

பெயர்ப்பலகையில் பாதத் தடம் போட்டவன் நான்தான் 😀

கலவரத்துக்கு என் அனுபவ மருந்து: வாராவாரம் ஒண்ணு ஒண்ணா உள்ள விடாதீங்க. நாலு போகட்டும், அறை கொஞ்சம் காலியாவே இருக்கட்டும், அப்புறம் ஏற்கெனவே சேர்ந்து வளர்ந்த ரெண்டு மூணை ஒரே நேரத்துல கொண்டு வாங்க. வர்றதை முதல்ல பின் அறையில வெச்சு, அதோட துணியை முன் அறையிலயும் முன் அறைத் துணியை அதுகிட்டயும் போடுங்க. முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மூக்கு பேசி முடிச்சிருக்கணும். காலியா இருக்கிற வாரத்துல வருமானம் குறையும். அந்தக் குறைவைத் தாங்குற மாதிரி கணக்குப் போட்டுட்டுத்தான் கடையைத் திறக்கணும்.

எல்லாப் பூனையும் கஃபேக்கு ஆகாது. அஞ்சு நாள் ஆகியும் மறைவிடத்தை விட்டு வராதது, சாப்பாட்டைத் தொடாதது, மத்ததைப் பார்த்தாலே பாயுறது, இதுங்களை ஒரு வீட்டுல தற்காலிகமா வளர்க்கக் குடுங்க. அதுக்கு ஆள் இல்லாம கஃபே மட்டும் திறக்கிறது ஒத்தைக் காலில் நிக்கிற மாதிரி.

ஊசிமருந்து

நான் கால்நடை மருத்துவர். ஒரு காப்பகத்துக்கும் அதோடு இணைந்த ஒரு கஃபேக்கும் போய்வருகிறேன். நோய் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். நீளமாகும்.

முதலில் பேன்லுகோபீனியா. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் நோயின் பூனை வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் சரிவு, குட்டிகள் ஓரிரு நாளில் போய்விடும். இந்த வைரஸ் தரையில், துணியில், பொம்மையில் ஒரு வருடம் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். வாசனையான தரைத் துடைப்பான்கள் பெரும்பாலானவை இதை ஒன்றும் செய்யாது. நீர்த்த பிளீச் கொல்லும், ஆனால் அழுக்கு இருந்தால் அதுவும் வேலை செய்யாது, முதலில் சோப்பால் கழுவ வேண்டும். துணி உறை போட்ட சோபாவை இப்படிக் கழுவ முடியுமா? முடியாது. எனவே, கடைசிக்கோப்பை சொன்ன அந்த சோபாவை வாங்காதீர்கள். கழற்றித் துவைக்கும் உறை, துடைக்க முடிகிற பரப்பு, இவை மட்டும்.

தடுப்பூசி போட்டு, தனி இடத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்த பிறகே கஃபேக்குள் விட வேண்டும். தடுப்பூசி போட்ட அன்றைக்கே நேரே உள்ளே விடுவது வீண். குட்டிகளுக்கு ஒரு ஊசி போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எப்போது வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். நான் ஊசி வரிசை முடியாத குட்டிகளைக் கஃபேக்கு அனுப்புவதில்லை. குட்டிகள் வைத்தால் கூட்டம் வரும் என்று கேட்பார்கள். குட்டிகளுக்குக் கஃபே தேவையும் இல்லை, அவை எப்படியும் போய்விடும் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்.

அடுத்தது தும்மல். ஹெர்பீஸ் வைரஸ் ஒருமுறை வந்தால் நரம்பில் வாழ்நாள் முழுக்கப் பதுங்கியிருக்கும். பூனைக்கு மன அழுத்தம் வந்தால் மறுபடி தலைதூக்கும், அதுவும் உடனே அல்ல, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து. அதனால்தான் இடம் மாறி வந்த பூனை நன்றாக இருந்து அடுத்த வாரம் தும்முகிறது, "உங்கள் கடையில்தான் வந்தது" என்று சண்டை நடக்கிறது. வெருகு பேசுகிற கலவரமும் நான் பேசுகிற சளியும் ஒன்றின் இரண்டு பக்கம். கஃபேயில் தும்மல் கூடினால் மருந்தை மாற்றுவதற்கு முன் பூனை எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கூட்டமாக வாழ்வதில் இன்னொரு சிக்கல் கொரோனா வைரஸ். மனிதரைத் தொற்றியது அல்ல, பூனைகளுக்கே உரியது. மண் தட்டு வழியாகப் பரவும். பெரும்பாலான பூனைகளுக்கு லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். மிகச் சிலவற்றில் அது உடலுக்குள் உருமாறி எஃப்ஐபி என்ற கடும் நோய் ஆகும். சில ஆண்டுகளுக்கு முன்வரை அது ஏறக்குறைய மரண தண்டனை, இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் 84 நாள் சிகிச்சையில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. மருந்து வந்துவிட்டது என்பதற்காகத் தட்டுகளைக் குறைக்க வேண்டாம்.

எஃப்இஎல்வி (பூனை இரத்தப் புற்று வைரஸ்), எஃப்ஐவி (மனிதரின் எச்ஐவி போன்ற பூனை வைரஸ்) சோதனை இல்லாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். முதலாவது எச்சில் வழியே, ஒன்றையொன்று நக்கிக் கொடுப்பதாலேயே பரவும், பொது அறைக்கு ஆகாது. இரண்டாவது பெரும்பாலும் ஆழமான கடியால். கருத்தடை செய்து, சண்டையில்லாமல் இருக்கும் எஃப்ஐவி பூனை பல ஆண்டு நன்றாக வாழும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

படர்தாமரை பற்றித் தனியாக எழுதுகிறேன். அது கொல்லாது, கடையை மூட வைக்கும்.

நாளைக்குப்பார்ப்போம்

டாக்டர், நான் கர்ப்பமா இருக்கேன். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகலாமா? வீட்டுல எல்லாரும் பூனைன்னாலே அலறுறாங்க.

ஊசிமருந்து

வீட்டில் பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற, கருவைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணிக்காக இருக்கும். பூனையைத் தடவுவதால் அது வராது என்றே சொல்லலாம். முதல்முறை தொற்று வந்த பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதை வெளியேற்றும். வெளியேறியது தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் தட்டைச் சுத்தம் செய்கிற இடத்தில் அதற்கு அவகாசமே இல்லை. நீங்கள் மண் தட்டைத் தொட வேண்டாம், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் இந்த விஷயத்தில் கூடுதல் கவனத்துக்கு உரியவை. உங்களைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா.

இன்னொன்று, கடி. கஃபே பூனைகளுக்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும், அந்தச் சான்று கேட்டால் காட்ட வேண்டும். போட்டிருந்தாலும் கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி, வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும்.

கடைசிக்கோப்பை

டாக்டர் படர்தாமரைன்னதும் எனக்கு வயிறு கலங்குது. அது நான் சொல்றேனே, அனுபவிச்சவன்.

ரெண்டாவது வருஷம். ஒரு பூனைக்குக் காது ஓரத்துல ரூபா அளவு முடி கொட்டியிருந்துச்சு. சண்டையில பிச்சிருக்கும்னு விட்டுட்டேன். பத்து நாள்ல எனக்குக் கையில வட்டம், வேலைக்கு வந்த பொண்ணுக்குக் கழுத்துல. அப்புறம் ஊதா விளக்கு அடிச்சுப் பார்த்தா இன்னும் நாலு பூனை பச்சையா மின்னுது. கடையை மூடி, ஒவ்வொண்ணுக்கும் மாத்திரை, வாரத்துக்கு ரெண்டு தடவை சுண்ணாம்பு கந்தகக் கரைசல்ல நனைக்கணும். அழுகின முட்டை நாத்தம். மோதிரத்தைக் கழட்ட மறந்தேன், வெள்ளி கறுத்துப் போச்சு. முடி ஒவ்வொண்ணுலயும் பூஞ்சை வித்து ஒட்டியிருக்கும், தினமும் உறிஞ்சி எடுத்துத் துடைக்கணும். ஆறு வாரம் வருமானம் இல்லை, வாடகை மட்டும் உண்டு.

முடி கொட்டின ஒரு புள்ளியைப் பார்த்தா அன்னிக்கே தனியா எடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க.

அரைத்தூக்கம்

நோயைப் பத்தியே பேசிப் பேசி மதில்மேல்பூனை மதில்ல இருந்து அந்தப் பக்கம் குதிச்சிடப் போறாங்க. நான் தத்தெடுத்த கதையைச் சொல்றேன்.

நான் பூனை எடுக்கப் போகலை. தோழிகூடப் போனேன். அங்க எல்லாரும் ஒரு ஆரஞ்சுக் கடுவனைச் சுத்தி உக்காந்திருந்தாங்க, அது மடி மடியா ஏறி இறங்கிச்சு. நான் ஓரமா உக்காந்து போனைப் பார்த்துட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல என் பைக்குள்ள ஏதோ அசைஞ்சுது. ஒரு கறுப்புப் பெட்டை, அஞ்சு வயசு, பையில ஏறிப் படுத்துட்டு என்னைப் பார்க்காம சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான் எங்க காதல் கதை.

அந்தக் கடையில அன்னிக்கே குடுக்கலை. மூணு தடவை வரச் சொன்னாங்க, வெவ்வேற நேரத்துல. எனக்குக் கோபம். இப்போ புரியுது. முதல் தடவை பையில படுத்தது, ரெண்டாவது தடவை என்னைக் கண்டுக்கவே இல்லை, மூணாவது தடவை தூக்கப் போனேன், பிறாண்டிடுச்சு. அங்க இருந்த அக்கா சொன்னாங்க, "இவளைத் தூக்கக் கூடாது. தூக்காம இருக்க முடியும்னா எடுத்துக்கோ, முடியாதுன்னா இப்பவே சொல்லிடு." காப்பகக் கூண்டுல பார்த்திருந்தா இதெல்லாம் யார் சொல்லியிருப்பா? அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. சோபா இருக்கிற அறையில நாலு மாசம் விட்டுப் பார்த்ததால தெரிஞ்சிருக்கு. எதிர்ல வேற பூனை வந்தா என்ன செய்யும், குழந்தை ஓடினா என்ன செய்யும், கதவு மணி அடிச்சா எங்க ஒளியும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் கட்டிலுக்கு அடியில. ராத்திரி மட்டும் சாப்பாடு குறையும். கஃபேல அவ்வளவு தைரியமா இருந்தது இங்க ஏன் இப்படின்னு அழுதுட்டேன். போன் பண்ணினேன். "மூணு நாள் பயம், மூணு வாரம் பழக்கம், மூணு மாசம் ஆனாத்தான் வீடு. ஒரு அறையிலயே வெச்சுக்கோ, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்க்காதே"ன்னாங்க. பத்தாவது நாள் ராத்திரி வந்து கால் மாட்டுல படுத்துச்சு. இன்னி வரைக்கும் தூக்கினதில்லை.

ஒருகண்மணி

கஃபேக்குப் போற நம்ம ஆளுங்களுக்கும் ரெண்டு வார்த்தை. தூங்குற பூனையை எழுப்பாதீங்க, ஒரு நாள்ல பன்னிரண்டு பதினாறு மணி நேரம் தூங்குற சீவன் அது. பிளாஷ் வேண்டாம். முறைச்சுப் பார்க்காம மெதுவாக் கண்ணை மூடித் திறங்க. 2020ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க, அப்படிச் சிமிட்டின அந்நியர்கிட்டப் பூனை கூடுதலா நெருங்கி வந்துச்சாம். என் பாட்டி எந்தப் பல்கலைக்கழகமும் போகாமலே அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க.

வெருகு

அரைத்தூக்கம் எழுதியது என் வாதத்துக்கு எதிரானது. ஆனாலும் சொல்கிறேன், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கூண்டில் தெரியாதது கஃபேயில் தெரிகிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பூனை ஒளிய ஒரு பெட்டி வேண்டும் என்பதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும். 2014ல் நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் செய்த ஆய்வு வெளியானது. புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிய ஒரு பெட்டி, மற்றவற்றுக்கு இல்லை. பெட்டி இருந்தவை முதல் சில நாட்களிலேயே தெளிவாக அமைதியடைந்துவிட்டன. ஒரு அட்டைப் பெட்டி, அவ்வளவுதான். கடைக்காரர்கள் பெட்டியை ஏன் எடுத்துவிடுகிறார்கள் என்றால், பெட்டிக்குள் இருக்கும் பூனை படத்தில் விழாது.

கடைசிக்கோப்பை

சரி, ஏன் மூடினேன்னு சொல்றேன். படர்தாமரையால இல்லை. அதுக்கப்புறமும் ஒன்றரை வருஷம் நல்லா ஓடிச்சு.

சாம்பல்னு ஒரு கடுவன். ஒரு கால் வளைஞ்சு நடக்கும், கொஞ்சம் நொண்டல். வந்தவங்க யார் மடியில வேணா ஏறும், குழந்தை வாலை இழுத்தாக்கூடச் சும்மா இருக்கும். அவன் படம் ஒண்ணு பரவிடுச்சு. "சாம்பல் இருக்கானா"ன்னு கேட்டுட்டு முன்பதிவு பண்ணினாங்க. கடை நிறைஞ்சுது. அப்போதான் ஒரு வயசான தம்பதி அவனைத் தத்துக் கேட்டாங்க. நல்லவங்க, வீடு நல்லது, எல்லாம் பொருந்துச்சு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? "காலுக்கு இன்னும் சிகிச்சை நடக்குது, அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொன்னேன். சிகிச்சை எப்பவோ முடிஞ்சிருந்துச்சு.

அடுத்த மாசமும் அதையே சொன்னேன். அவங்க வேற இடத்துல எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் இன்னொரு குடும்பம் கேட்டுச்சு. கடையில வேலை பார்த்த பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் சமாதானம் சொன்னேன்: சாம்பல் இருந்தாத்தான் கூட்டம், கூட்டம் இருந்தாத்தான் மத்த பூனைக்கு வீடு. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு, அதுதான் பயமா இருந்துச்சு. ஒரு வருஷம் போச்சு. அறையில இருந்த பத்துல ஆறு பூனை இப்படி ஏதோ ஒரு காரணத்துல தங்கிடுச்சு. மாசத்துக்கு நாலஞ்சு தத்து போயிட்டு இருந்தது ஒண்ணாகிடுச்சு. காப்பகத்துல இருந்து போன் வரும், "இடம் இருக்கா?" நான் "இல்லை"ன்னு சொல்லுவேன்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு சொல்லுவாங்களே, அந்த ஆள் நான். தத்துத் தாள்லயும் என் கையெழுத்து, கல்லாப் பெட்டிச் சாவியும் என் கையில.

தினசரிவாடிக்கை

நான் இப்படி ஒரு கடைக்கு வாரம் தவறாம போறவன். நேர்மையாக் கேட்கிறேன், ஒரே ஒரு பூனை நிரந்தரமா இருந்தா என்ன தப்பு அண்ணா? எனக்கு வீட்டுல வளர்க்க வழியில்லை. அங்க ஒரு வெள்ளைப் பூனை என்னை அடையாளம் வெச்சிருக்கு, நான் உக்காந்தா வரும். போன மாசம் போனேன், இல்லை. தத்து போயிடுச்சாம். எல்லாரும் கை தட்டினாங்க, சுவத்துல படம் ஒட்டினாங்க. நான் காபியைக் குடிக்காம வந்துட்டேன். அந்தப் பூனைக்கு நல்லதுன்னு தெரியாமல் இல்லை.

கடைசிக்கோப்பை

தப்பே இல்லை தம்பி. நீங்க குடுத்த காசுலதான் அதுக்குக் கருத்தடை நடந்திருக்கும். ஆனா ஒண்ணைத் தங்க வெச்சா ரெண்டாவதுக்கும் ஒரு நியாயம் கிடைச்சிடும். எனக்கு ஆறு வரைக்கும் கிடைச்சுது.

வெருகு

தினசரிவாடிக்கையைப் போன்றவர்களைப் பற்றி நான் ஏளனமாக நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உங்கள் கடையில் சொல்லிவையுங்கள், அடுத்த முறை போகும் பூனையிடம் முந்தின நாளே உங்களை விடைபெறச் சொல்லட்டும். இதைக்கூடச் செய்யாத கடை எதற்கு?

மதில்மேல்பூனை

எல்லாருக்கும் நன்றி. கோப்பை அண்ணா, உங்க பதிவை எங்க மூணு பேருக்கும் சத்தமா வாசிச்சேன். அதுக்கப்புறம் முடிவு பண்ணினது இது: பூனை எல்லாம் காப்பகத்தோட பேர்லயே இருக்கும். எது வரணும், எது போகணும், யாருக்குக் குடுக்கணும், எல்லாம் காப்பகம்தான். கஃபேக்காரங்களுக்கு அதுல கையெழுத்து கிடையாது. கடை மூடினா அன்னிக்கே பூனைங்களைத் திரும்ப எடுத்துக்கிறதா எழுதிக் குடுத்திருக்காங்க. அதே மாதிரி, தத்து ஒத்துவரலைன்னா எப்ப வேணும்னாலும் காப்பகம் திரும்ப எடுத்துக்கும், எடுத்தவங்களைத் திட்டாம. கருத்தடை ஆகாம ஒண்ணும் வெளிய போகாது. டாக்டர் சொன்ன மாதிரி துணி சோபா இல்லை. எட்டுப் பூனைக்கு மேல இல்லை. ஒளிய அட்டைப் பெட்டி உண்டு, அசிங்கமாத்தான் இருக்கு.

மதில்மேல்பூனை

ஏழு மாசம் கழிச்சு வர்றேன், இழையை மறந்திருப்பீங்க. திறந்துட்டோம். பத்தொன்பது பூனை போயிருக்கு. ரெண்டு திரும்பி வந்துச்சு, அதுல ஒண்ணு மறுபடி போயிடுச்சு. தும்மல் ஒரு தடவை பரவுச்சு, டாக்டர் சொன்னபடி அஞ்சாக் குறைச்சோம், அடங்கிடுச்சு. லாபம்னு பெரிசா ஒண்ணும் இல்லை, கையைக் கடிக்கலை.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். எங்ககிட்டயும் ஒரு 'சாம்பல்' வந்துட்டான். ஒத்தைக் கண்ணு, காப்பகத்துல பதினாலு மாசம் முதுகைக் காட்டிட்டு இருந்தவன். இங்க வந்து மூணாவது வாரத்துல கதவுகிட்ட வந்து நின்னு, வர்றவங்களை எல்லாம் வாசல்லயே வரவேற்க ஆரம்பிச்சான். அவன் படத்தைப் போட்டா அன்னிக்கு இடமே இருக்காது. காபி போடுறவர் மெதுவா என்கிட்ட வந்து, "இவனை மட்டும் கொஞ்ச நாள்..."ன்னு ஆரம்பிச்சார். நான் பதில் சொல்லலை. காப்பகத்து அக்காவுக்குப் போன் போட்டு அவர் கையில குடுத்துட்டேன். அவங்க என்ன சொன்னாங்களோ தெரியாது, ரெண்டு நிமிஷத்துல போனைத் திருப்பிக் குடுத்துட்டுப் பால் காய்ச்சப் போயிட்டார்.

சனிக்கிழமை போனான். ரொம்ப நாளா வர்ற ஒரு பெரியவருக்கு முந்தின நாளே சொல்லியிருந்தோம், வெருகு சார். வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்தார். அவன் அவர்கிட்டப் போகவே இல்லை, பெட்டிக்குள்ள தூங்கிட்டு இருந்தான்.

கடைசிக்கோப்பை

பூனைன்னா அப்படித்தான். அந்த இடத்துக்கு அடுத்தது எது வருது?

மதில்மேல்பூனை

ஒரு வயசான கறுப்புப் பெட்டை. இன்னும் பின் அறையை விட்டு வரலை.